பூட்டு மாறும் இமைப்பொழுது

“நிறுத்துடி அந்தக் கருமத்த! காலைலேருந்து வாய்ல பச்சத் தண்ணி படல எனக்கு. போனக் கீழ வெச்சா உடனே அடிக்குது!”

“நான் என்னக்கா பண்ணேன்? சாவிதான மாத்தறேன். யாரையும் நான் தொடக்கூட இல்ல.”

“தொடாமலேதான் இப்படி அலறுறாங்களா? இப்ப ஒருத்தி அழறா. குளிச்சிட்டு இருந்தப்போ யாரோ கதவத் திறந்து பாத்துட்டு மூடினாங்களாம். கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சாம். அதுக்கு எதுக்கும்மா எங்களுக்கு போன் பண்றேன்னு கேட்டா, ‘தெரியல, உங்க நெனப்புதான் வந்துச்சு’ங்கறா!”

ஓரகத்திகள் இருவரும் போட்ட சத்தம் மாடியிலிருந்து கீழே மூக்குக் கண்ணாடிக் கடை வரை கேட்டது. கண்ணாடிக் கடைக்காரர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், தங்கமான மனுஷன். இளைய ஓரகத்தியிடம் போன மாதம்தான் ஜாடைமாடையாக இல்லாமல் நேராகவே கேட்டிருந்தார்: “என்னைக் கட்டிக்கிறீங்களா?” அவளும் நேராகவே பதில் சொன்னாள்: “நான் இன்னொருத்தர் பொண்டாட்டியா இல்லையான்னே எனக்குத் தெரியாதே.”

அது உண்மைதான். அவள் புருஷன் ஆறேழு வருஷத்துக்கு முன் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவன். இந்நேரம் அந்த முடி எவ்வளவு நீளம் வளர்ந்திருக்கும் என்று தெருவில் சிரிக்காத வாய் இல்லை. ஏரியில் மிதந்த அடையாளம் தெரியாத உடல் அவன்தான் என்றார்கள் சிலர். அடுத்த ஊர்ப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள் வேறு சிலர். அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சாவிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தொழில் என்னவென்றால், தூக்கத்தில் பேசுகிறவர்கள், பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள், வீடு அதிரக் குறட்டை விடுகிறவர்கள், இவர்கள் தலைமாட்டில் வைக்க ஒரு சின்னப் பெட்டியை வாடகைக்குக் கொடுப்பது. பெட்டி இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். பதிவு கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் சேமிப்பறைக்கு, போய்ப் பூட்டிக்கொள்ளும். மருத்துவர் கேட்டால் மட்டும் திறக்கும். ஊரார் தூக்கத்தில் என்னென்ன உளறுகிறார்கள் என்று கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது! பெரியவளுக்கு அந்த ஆசை உயிரை எடுக்கும். ஆனால் பூட்டு பூட்டுதான்.

அந்தப் பூட்டைப் போட்டவன் ஓடிப்போன சின்னவன், சாவிக்காரியின் புருஷன். பெரியவளின் புருஷன், அதாவது முதலாளி, அப்போது தம்பியை நம்பி எல்லாவற்றையும் விட்டிருந்தார். இப்போது நோயாளிகளை அனுப்பும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “ஆளே எங்க இருக்காருன்னு தெரியாதவர் பேர்லயா எல்லாத்தையும் பூட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்கள். மாதக் கடைசிக்குள் புதுச் சாவி. எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழைய சாவியை அழித்துவிட வேண்டும். மாறாமல் விட்டுப்போனது எதுவோ, அதை அப்புறம் யாராலும் திறக்க முடியாது.

“எப்படி மாத்துவ? ஒவ்வொண்ணா திறந்து கேட்டுட்டு மூடுவியா?” என்று பெரியவள் முதல் நாளே ஆவலாகக் கேட்டாள்.

“கேக்கவே மாட்டேன்கா. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குட்டிச் சாவி இருக்கு. அந்தக் குட்டிச் சாவிங்கள எல்லாம் பெரிய சாவி ஒண்ணு பூட்டி வெச்சிருக்கு. பூட்டின குட்டிச் சாவிய நான் கிளவுடுக்கு உள்ள அனுப்புவேன். அது உள்ளுக்குள்ளேயே பழைய சாவியால திறந்து, உள்ளுக்குள்ளேயே புதுச் சாவியால பூட்டி, வெளிய தள்ளிடும். பதிவு இருந்த இடத்துலயே இருக்கும்.”

“அப்போ நடுவுல ஒரு நிமிஷம் திறந்து கெடக்குமா?”

“நிமிஷமா? கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“அந்த நேரத்துல அத யாரு பாக்குறா?”

“யாருமில்லக்கா. அதுக்குத்தான எல்லாம் கிளவுடுக்கு உள்ளயே நடக்குது.”

பெரியவளுக்குத் திருப்தியில்லை. சும்மா கேட்டாள் என்றுதான் சாவிக்காரியும் நினைத்தாள். மாற்றத் தொடங்கிய அன்றே போன் வர ஆரம்பித்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார், பிடரியில் காற்றடித்துத் திரும்பிப் பார்த்தாராம். கரும்பலகைதான் இருந்ததாம். காரோட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பின்கதவு திறந்து மூடியதுபோல் இருந்ததாம். எல்லோரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள். யாரோ எட்டிப் பார்த்தார்கள், கெட்ட எண்ணத்தோடு இல்லை, பார்த்துவிட்டுச் சாத்திவிட்டார்கள்.

சாவிக்காரி தன் திரையையும், போன் பண்ணியவர்கள் பேரைப் பெரியவள் எழுதி வைத்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எந்த வரிசையில் சாவி மாறியதோ அந்த வரிசையிலேயே போன் வந்தது. முதலாளியிடம் சொன்னாள்.

“ஊர்ல எல்லாருக்கும் தூக்கம் கெட்டா நமக்கு நல்லதுதானம்மா,” என்றார் அவர். “நீ மாத்து.”

மறுநாள் ஒரு தொகுப்பு முழுக்கப் போய் முடிந்தது. போன் மூச்சே விடவில்லை. பெரியவள் காலை நீட்டி உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். சாவிக்காரி எடுத்துப் பார்த்தாள். அந்தத் தொகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள். சாப்பாட்டு டப்பாவை மூடும்போது போன் அடித்தது. ஒரே ஒரு போன்.

“ஏம்மா, கொஞ்சம் முன்னாடி யாரோ என் ரூமுக்குள்ள எட்டிப் பாத்தாங்க,” என்றது ஒரு கிழக்குரல். பெரியவள் பேரைக் கேட்டுக்கொண்டு சாவிக்காரியைப் பார்த்தாள். சாவிக்காரி திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“பாட்டி, தப்பா எடுத்துக்காதீங்க,” என்று பெரியவள் தயங்கினாள். “எங்ககிட்ட நீங்க... செத்துட்டதா இருக்கு.”

“அடிப்பாவி! சந்தா கட்டறத நிறுத்த மருமக அப்படி எழுதிக் குடுத்துட்டாளா? இரு, வரட்டும் அவ!”

பெரியவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சாவிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கிறது என்பது அந்த ஒரு போனில் அவளுக்கு ஐயமில்லாமல் தெரிந்துவிட்டது.

அந்தப் பெட்டியை முதன்முதலில் தலைமாட்டில் வைத்துப் படுத்தவன் சின்னவன்தான். வாயைத் திறந்தபடி தூங்கி, நடுநடுவே எதையோ முனகுவான். அந்தப் பதிவு இன்னும் இருந்தது. அதை மட்டும் அவள் எந்தத் தொகுப்பிலும் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள். ஏன் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மற்றதெல்லாம் முடிந்த அன்று மத்தியானம், அவள் அதை அனுப்பினாள். புதுச் சாவியால் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மின்விசிறி சுற்றியது. போன் பேசவில்லை.

போன் வராவிட்டால் செத்துவிட்டான் என்று அர்த்தமா? இல்லை, உணர்ந்தும் போன் பண்ண மனமில்லையா? இந்த ஊமைப் பதிலை வைத்துக்கொண்டு அவள் கண்ணாடிக் கடைக்காரரிடம் என்னவென்று சொல்வாள்? மறுபடி பழைய சாவிக்கே மாற்றினாள். மறுபடி புதுசுக்கு. மறுபடி பழசுக்கு. அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற பைத்தியக்காரியைப் போல இருந்தது. கை நிற்கவில்லை.

“என்னடி பண்ற?” பெரியவள் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஒரே பெயர் வரிவரியாக இருந்தது. “அய்யோ! கொழுந்தனோடதா? விட்டுத் தொலைடி! செத்திருந்தா நிம்மதியா இருக்கட்டும். உயிரோட இருந்தா...”

“இருந்தா?”

“இருந்தா, நீ இப்ப அவன் கழுத்துக்குப் பின்னால நின்னுட்டு இருக்கடி.”

அறை இருண்டதுபோல் இருந்தது. வெளியே வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. சாவிக்காரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்தவுடன் போன் அடித்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். பெரியவள்தான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் வழக்கமான நக்கல் கரைந்துபோனது. ரிசீவரை நீட்டினாள்.

“யாருங்க?” என்றது ஒரு பெண் குரல். சின்ன வயசு. பயந்திருந்தது. “மன்னிச்சுக்கோங்க, இது எந்த இடம்னுகூட எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு நைட் டூட்டி. சாப்பிட்டு இப்பத்தான் படுத்தாரு. தூக்கத்துல எழுந்து எழுந்து உக்கார்றாரு. ‘கதவச் சாத்து, கதவச் சாத்து’ன்னு கத்தறாரு. கதவு சாத்தித்தான் இருக்கு. நடுவுல ஒரு போன் நம்பர ஒப்பிக்கறாரு. உலுக்கி எழுப்பிக் கேட்டா எந்த நம்பர்ங்கறாரு. அவரு சொன்ன நம்பரத்தான் நான் போட்டேன்.”

சாவிக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாள் என்று சொல்ல வேண்டும்.

“உங்களுக்குக் கல்யாணமாகி எத்தன வருஷமாச்சு?”

“நாலு வருஷம். ஏங்க?”

“அவருக்கு... தலைல முடி இருக்கா?”

அந்தப் பக்கம் திகைத்தது. “இல்லைங்க. நான் பாக்கும்போதே வழுக்கதான். நீங்க டாக்டரா?”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சாவிக்காரி இரண்டையும் விழுங்கினாள். “ஆறு வருஷத்த விழுங்கிட்டு அங்க போய்க் குறட்ட விடுறானா? வெச்சு வாங்குடி அவன!” என்று பெரியவள் கையை ஆட்டி ஆட்டிக் கிசுகிசுத்தாள். வாங்கலாம்தான். பதிவு இப்போது பழைய சாவியில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டால் சாவியோடு சேர்ந்து அதுவும் அழிந்ததுபோலத்தான். கதவு திறக்கும்போதே இப்படிக் கத்துகிறவன், கதவோடு வீடே இல்லாமல் போகும்போது என்ன ஆவான்? தெரியாது. யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? இல்லையென்றால் நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடலாம். அவன் அங்கே தூங்கவே முடியாது. இரண்டுக்கும் அவள் ஒரு விசையைத் தட்டினால், அல்லது தட்டாவிட்டால், போதும்.

“பயமா இருக்குங்க,” என்றாள் அந்தப் பெண். “இப்பவும் உக்காந்துதான் இருக்காரு. கண்ணு மூடியிருக்கு. ஆனா மூலையையே பாக்கற மாதிரி இருக்கு.”

சாவிக்காரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பயப்படாதம்மா,” என்றாள் பிறகு. “இன்னும் ஒரே ஒரு தடவ திறக்கும். திறந்து உடனே சாத்திடும். அப்புறம் வராது. போன அவர் பக்கத்துல வை.”

அவள் விசையைத் தட்டினாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்த சத்தம். அப்புறம் தூக்கக் கலக்கத்தில், மிகவும் பக்கத்தில், காதுக்குள்ளேயே பேசுவதுபோல் ஒரு குரல்:

“நீயா?”

அவ்வளவுதான். திரையில் வரி வந்துவிட்டது. புதுச் சாவியில் பூட்டியாகிவிட்டது. ரிசீவரில் மெல்லிய குறட்டை கேட்டது. அந்தக் குறட்டையை அவள் எங்கே கேட்டாலும் தெரிந்துகொள்வாள்.

“படுத்துட்டாருங்க!” என்றாள் அந்தப் பெண் நன்றியோடு. “நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே?”

“பூட்டு ரிப்பேர்,” என்றாள் சாவிக்காரி. “உங்க அட்ரஸ் சொல்லும்மா. ஒரு கவர் வரும். அவர்கிட்டக் குடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பு. அவருக்குப் புரியும்.”

ஆஸ்பத்திரிக்காரர்கள் மாதக் கடைசியில் வந்து பார்த்தார்கள். ஒரு பதிவு மட்டும் ஏன் இத்தனை தடவை போய் வந்திருக்கிறது என்று கேட்டார்கள். “பூட்டு சரியா விழல,” என்றாள் அவள். பெரியவளுக்கு இருமல் வந்துவிட்டது. பழைய சாவியை அழிக்க நாள் குறித்து, நாளும் வந்து, சாவியும் அழிந்தது. அன்று யாரும் போன் பண்ணவில்லை.

விவாகரத்துப் பத்திரம் வைத்து அனுப்பிய கவர் கையெழுத்தோடு திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. அந்தப் பெண்தான் கவரின் மேல் இரண்டு வரி எழுதியிருந்தாள். அவர் இப்போது தூக்கத்தில் பேசுவதே இல்லையாம், புரண்டுகூடப் படுப்பதில்லையாம், சில நேரம் மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறாளாம்.

சாவிக்காரி கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை மூன்று கண்ணாடி மாற்றினார் என்பது தெருவின் கணக்கு. கடையை விற்றுவிட்டு இருவரும் கடலோரமாக ஒரு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே அவள் வேறு வேலை பார்க்கிறாளாம். முதலாளி சாவிக்காரிக்குப் பதிலாகப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவனைச் சேர்த்தார். அவன் பெரியவளின் தங்கை மகளையே கட்டிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டான். பெரியவள் வெளியூரில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது தன் தலைமாட்டுப் பெட்டியை மட்டும் கையோடு கொண்டுபோனாள். கிளவுடோடு சேர்க்காமல்தான் வைத்திருக்கிறாளாம்.