பில்லக்காவின் தலைவலி

பில்லக்காவுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தலைவலி வந்ததில்லை. கல்லு மாதிரி தலை. அந்த உண்மை இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தலைவலி என்பது கல்யாணமான புதிதில் அவள் சொன்ன பொய். அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்து ட்ரை கிளீனிங் கடை போட்டிருந்தார்கள். முன்னறையில் துணி வாங்கி பில் எழுத ஓர் ஆள் வேண்டும். பின்னறையில் மெஷினில் திரவம் ஊற்றி, கறை எடுத்து, இஸ்திரி போட ஓர் ஆள் வேண்டும். மூன்று நாள் நீ, மூன்று நாள் நான் என்றுதான் ஏற்பாடு. ஆனால் இவளுக்கு வாய் சும்மா இருக்காதே! நாலு பேரிடம் ஊர்க்கதை பேசினால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். பின்னறையில் ஜன்னல்கூடக் கிடையாது. ஒரு நாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த வாடை எனக்கு ஒத்துக்கலைங்க. தலையே வெடிச்சிடும்போல இருக்கு."

மனுஷன் பதறிப்போனார். "அதுக்கு ஏன் கலங்கறே? நீ முன்னாடியே இரு. உள்ள நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் அவர் உள்ளே, இவள் வெளியே.

அடடா, என்ன நாட்கள் அவை! சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. இன்டர்வியூவுக்குப் போகிறவன் கோட்டுக்காகக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்பான். வெல்வெட் ஜாக்கெட்டில் மை கொட்டியவள் அழாத குறையாக வருவாள். எல்லோரையும் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவாள் பில்லக்கா. பில் எழுதுகிற அக்கா என்று அந்தப் பெயரே வாடிக்கையாளர்கள் வைத்ததுதான். உள்ளே மெஷின் உருளும் சத்தமும் இஸ்திரிப்பெட்டி சீறும் சத்தமும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கடையை விடுவதற்குப் பத்து வருடம் முன்னால் ஒரு கூத்து நடந்தது. அவர் திரவ டப்பாவின் மூடியைத் திறந்தபடியே போட்டிருந்தார். வாடை தெருவரைக்கும் வீசியது.

"மூக்கை என்ன வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று இவள் கத்தினாள்.

"வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் அவர். இந்தத் தொழிலில் மூக்கு செத்தால்தான் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம் என்பார்கள். அன்றைக்கு இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காபித்தூள் வாசனைகூட அவருக்குத் தெரியவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனது. கடையைக் கைமாற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். இன்றைக்குக் காலையில்தான் டாக்டரம்மா விவரமாகச் சொன்னாள்.

"மூளைக்கு அடியில கறுப்பா ஒரு சின்னப் பட்டை இருக்கு. அங்க இருக்கற அணுக்கள் டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். கை கால் நினைச்ச மாதிரி அசையறதுக்கு அது வேணும். இவருக்கு அந்த அணுக்கள் செத்துக்கிட்டே வருது. உள்ள ஒரு புரதம் சரியா மடியாம கட்டி கட்டியா சேர்ந்துபோகுது. நிறைய செத்த பிறகுதான் நடுக்கம் வெளிய தெரியும். வாசனை போறது அதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கலாம்."

"மடிப்பு சரியில்லைன்னா எடுத்து இன்னொரு தடவை மடிச்சிடலாமே டாக்டர்," என்றார் அவர், குரல் எழும்பாமல். டாக்டரம்மா சிரித்தாள். பில்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். "அந்தத் திரவத்தாலயா டாக்டர்?"

"சில திரவங்களுக்குத் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. பரம்பரை இருக்கு, வயசு இருக்கு. இவருக்கு எதனால வந்ததுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

"பாதி நாள் நான் உள்ள இருந்திருந்தா?"

"இவருக்கு வராம இருந்திருக்கலாம். உங்களுக்கும் சேர்த்து வந்திருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நெற்றியில் கட்டிய துணி, வெடிக்காத தலை, ஒன்றைக்கூட விடவில்லை. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த நோய் முகத்துச் சதையையும் விட்டுவைக்கவில்லை. கோபமா, வருத்தமா, ஒன்றும் படிக்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அப்ப உனக்குத் தலைவலியே வராதா?" என்றார் அவர்.

"வராதுங்க."

"அடிப்பாவி." மூச்சு வாங்கிக்கொண்டார். "நோய் கெடக்கு, விடு. அது எப்படியோ வந்துது. கடையில மத்தியானம் மெஷினை விட்டு ரொம்ப நேரம் நகர முடியாது. தனியாத்தான் சாப்பிடுவேன். சேர்ந்து சாப்பிட உன்னைக் கூப்பிடலாம்னு கதவுகிட்ட வருவேன். நீ அங்க சிரிச்சுக்கிட்டிருப்பே. உள்ள வந்தா தலை வலிக்குமேன்னு திரும்பிப் போயிடுவேன். எத்தனை வருஷம்!" மறுபடி மூச்சு. "கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

ஓடி வந்திருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு பொய்யா என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

"தெரியலைங்க," என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அவர் கை கிளம்பியது. நடுங்கி, நடுவில் நின்று, மறுபடி நகர்ந்து வந்தது. அவள் எட்டிப் பிடிக்கவில்லை. அது வந்து சேரும்வரை காத்திருந்தாள்.