சட்டைப்பை மிட்டாய்

"சட்டையைத் தொடாத."

அம்மா போட்ட அதட்டலில் சிட்டு வாசற்படியிலேயே திகைத்து நின்றாள். மகளைத் தூக்கக் குனிந்திருந்த அப்பாவின் சட்டைப்பைக்குள் அவள் கை பாதி நுழைந்திருந்தது. வேலை முடிந்து அவன் வருவதும், அவள் ஓடிப்போய் பைக்குள் கைவிட்டு மிட்டாயைத் துழாவுவதும் அந்த வீட்டில் அன்றாடம் நடக்கிற கூத்து. ஒரு பட்டறைக்காரன் மகளுக்குக் காட்ட முடிந்த ஆடம்பரம் அவ்வளவுதான். பாதி நாள் காகிதம் பிரிந்து மிட்டாய் பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிட்டு அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை. மூலையில் ஒட்டியதையும் விரலால் வழித்து நக்கிவிடுவாள்.

"புள்ளை அப்பன்கிட்ட வரக்கூடாதா?" என்று நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கணவன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பியை யாராவது ஒரு சொல் சொன்னால் அவளுக்கு ஆகாது. "உழைச்சுக் களைச்சு வர்றவனை வாசல்ல நிறுத்துறியே, அவன் என்ன கடன்காரனா?"

"அண்ணி, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க."

அன்று காலைதான் சிட்டுவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. கொஞ்ச நாளாகவே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். முகம் வெளிறிப் போயிற்று. கடகடவென்று ஒப்பித்த பாட்டில் இப்போது நடுவில் நின்று, அடுத்த சொல்லைத் தேடி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் யாரும் அதிசயப்படவில்லை. பட்டறைத் தெருப் பிள்ளைகள் என்றாலே மந்தம் என்று அங்கே எப்போதோ முடிவு கட்டியாகிவிட்டது. கடைசி பெஞ்சு அவர்களுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். அப்பன் எப்படியோ அப்படித்தானே பிள்ளை என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வது பெற்றவர்கள் காதிலும் விழும். பெற்றவர்களும் அதை நம்பித் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதுதான் கொடுமை.

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற பட்டறை அது. ஈயத் தூசி கண்ணுக்குச் சாம்பல் மாதிரி தெரியும். தலைமுடியில், நகத்தில், சட்டையில் எல்லாம் படியும். அது சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையின் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர்.

"ஏறினது மெதுவாத்தான் இறங்கும். முழுசா சரியாகுமான்னு என்னால சொல்ல முடியாது. இனிமே ஏறாமப் பாத்துக்குங்க. உங்க வீட்டுக்காரர் பட்டறையிலேயே குளிச்சு, வேற துணி மாத்திட்டுத்தான் வரணும். இல்லேன்னா வலிப்பு வர ரொம்ப நாள் ஆகாது."

வலிப்பு என்றால் என்ன என்று டாக்டர் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுப் பையனுக்குப் போன மழைக்காலத்தில் வந்தது. பிழைத்துக்கொண்டான் என்று தெருவே சந்தோஷப்பட்டது. இப்போது அவன் வாசலில் உட்கார்ந்து, பெற்ற தாயை யாரோ எவரோ என்று பார்க்கிறான். அவன் அப்பனும் அதே பட்டறைதான்.

இதையெல்லாம் கேட்டபோது சிட்டுவின் அப்பா படிக்குக் கீழேயே குந்திவிட்டான். பையிலிருந்த மிட்டாயை எடுத்துப் பார்த்தான். பிறகு அதைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"அங்க எங்க குளிக்கறது? குழாய் இருக்கற ரூமு முதலாளியோடது. பூட்டி சாவியைக் கையிலேயே வெச்சிருப்பாரு."

"வாய் விட்டுக் கேக்கறதுதானே?"

"மேஸ்திரி கேட்டாரு. மறுநாள் அவரு எடத்துல வேற ஆளு நின்னான்." முதலாளியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னான். "நல்ல மனுஷன்தான். சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. தினம் குளிச்சு, வேற சட்டை, வேற செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் காருல ஏறுவாரு. காருக்குள்ள ஒரு தூசி இருக்காது."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். முதலாளி தெரியாமல் செய்கிற தப்பு என்றுதான் அதுவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கொல்லையில் குளித்துவிட்டு உள்ளே வந்தான். கழற்றிப் போட்ட சட்டையையும் கால்சட்டையையும் அவள் துவைக்கவில்லை. ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வெளியே வைத்தாள். நாத்தனார் சிட்டுவைக் குழாயடிக்கு இழுத்துப்போய், தோல் சிவக்கச் சிவக்க அந்தச் சின்னக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வேலை முடிகிற நேரத்துக்கு சிட்டுவின் அம்மா சாக்கையும் ஒரு துவைத்த சட்டையையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். உலை அணைந்தும் காற்று தொண்டையை அறுத்தது. ஆட்கள் முற்றத்தில் உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி அப்போதுதான் குளியலறைப் பூட்டைத் திறந்திருந்தார். உள்ளே ஆணியில் வெள்ளைச் சட்டை தொங்கியது. வெளியே கார்க் கதவு திறந்திருக்க, பின்சீட்டில் வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்ப் பெட்டி ஒன்று இருந்தது.

அவளைக் கண்டதும் புருஷன் முகம் செத்துப்போயிற்று. "வீட்டுக்குப் போ" என்று உதட்டை அசைத்தான்.

அவள் முதலாளியிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை.

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்கம்மா. என் தலை நரைச்சதே இந்தத் தூசியிலதான். கல்லு மாதிரி நிக்கறேன் பாரு. இது ஒண்ணும் பண்ணாது. புள்ளைக்கு நல்லாச் சாப்பாடு போடு."

"ஒண்ணும் பண்ணாதா முதலாளி?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்ப சரி." அவள் காருக்குப் போனாள். சாக்கை அவிழ்த்து, தன் புருஷனின் சட்டையை எடுத்து, பின்சீட்டில் மிட்டாய்ப் பெட்டியின் மேல் விரித்துப் போட்டாள். சாம்பல் தூசி மெல்ல எழுந்து சீட்டில் படிந்தது.

"ஏய், அதை எடு." கல் மாதிரி நின்ற மனிதர் ஓடிவந்தார். "எடும்மா அதை. என் பேத்திக்கு வாங்கினது. கொழந்தை வாயில வைக்கற பொருள்."

அதற்குப் பிறகு முற்றத்தில் யாரும் உடம்பைத் தட்டவில்லை. சொல்லிவிட்ட சொல்லை முதலாளியால் திரும்ப அள்ள முடியவில்லை. கை மட்டும் காரை நோக்கி நீண்டபடி இருந்தது. சட்டையைத் தொட அந்தக் கை துணியவில்லை.

சிட்டுவின் அப்பா மனைவியைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. தினம் மிட்டாய் வைக்கிற பையை ஒருமுறை தடவினான். பிறகு சட்டையைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, திறந்திருந்த குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான்.

"நாளைக்கு அவனுக்கு இங்க வேலை கெடையாது" என்றார் முதலாளி.

எதிர்வீட்டுக்காரன் நடந்து வந்து, மூடிய கதவுக்கு முன்னால் நின்றான். அவன் பையனுக்கு இனி இதனால் ஒரு பயனும் இல்லை. இருந்தும் நின்றான். அவன் பின்னால் இன்னொருவன் வந்தான், அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது. அவள் துவைத்த சட்டையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நாளை அடுப்பு எரியுமா என்ற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை.

முதலாளியின் போன் அடித்தது. அதை எடுத்ததும் அவர் குரல் குழைந்தது. அடுத்த முனையில் ஒரு சின்னக் குரல் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பது வரிசைக்கே கேட்டது.

"வர்றேன்டா கண்ணு" என்றார், மூடிய கதவைப் பார்த்தபடி. "தாத்தா இன்னும் குளிக்கலடா."

வரிசையில் நின்ற யாரும் வழி விடவில்லை.