நப்லாவின் ஐந்தாவது கம்பி

பதுளையில் பீங்கான் கடை வைத்திருக்கும் புஹாரிக்கு ஒரே மகள் நப்லா. பல்கலைக்கழகத்தில் கண்ணாடி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "நம்ம கடையில இல்லாத கண்ணாடியா?" என்று வாப்பா கேட்காத நாளில்லை.

போன விடுமுறைக்கு ஐந்து கண்ணாடிக் கம்பிகளோடு வந்தாள். மணலை உருக்கி அவளே வார்த்தவை. அடுத்தடுத்து ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பைக் குறைத்துச் சலவைச் சோடாவைக் கூட்டியிருந்தாள். ஐந்தாவதில் சுண்ணாம்பே இல்லை. நூலில் தொங்கவிட்டுத் தட்டி, ஓசையை போனில் பதிந்தால் கம்பி எவ்வளவு விறைப்பானது என்று கணக்குப் போடலாம். விடுதியில் ஓயாத கூச்சல் என்பதால் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பயணக் களைப்பில் தூங்கி எழுந்து பார்த்தால், உம்மா நளீரா ஐந்தையும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள்.

"உம்மா! என்ன செஞ்சீங்க?"

"ஒரே தூசி மக. கண்ணாடிதானே, கழுவினா என்ன?"

நாலு கம்பிகள் பளபளத்தன. ஐந்தாவது நத்தை மாதிரி வழுவழுத்துக் கையை விட்டு நழுவியது. நப்லா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டுப் புஹாரி ஓடிவந்தார்.

"தண்ணியில கரையிற கண்ணாடியா? இதையா ரெண்டு வருஷமாப் படிக்கிற?"

"மணல் கைகோத்து நிக்கும் வாப்பா. சோடா உள்ள போய் அந்தக் கையைப் பிரிச்சு விடும். சுண்ணாம்பு இருந்தா கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இதுல இழுத்துப் பிடிக்க ஆளில்ல."

"எங்க கடைக்காரர் சங்கம் மாதிரி" என்றார் புஹாரி. அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மிச்சக் கம்பிகளைத் தட்டினாள். முதலாவது 'கிணிங்' என்றது. சோடா கூடக்கூட ஓசை தணிந்து, நாலாவது சோம்பலாக முனகியது. அவள் எதிர்பார்த்தது அதுதான். ஐந்தாவதை மறுபடி வார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புஹாரிக்கு எதையும் வீணாக்க மனம் வராது. ஐந்தாவது கம்பியைத் தொட்டு, விரலில் ஒட்டிய வழுவழுப்பைப் பார்த்தவர், யாரிடமும் சொல்லாமல் அதை வழித்தெடுத்து, லுணுகலைக்குப் போகவிருந்த கோப்பை அட்டைப்பெட்டியின் வாயில் பூசி ஒட்டிவிட்டார்.

அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சின்னராசாவிடமிருந்து அடுத்த வாரம் போன் வந்தது. நப்லா பக்கத்தில் இருக்க, புஹாரி ஸ்பீக்கரில் போட்டார்.

"புஹாரி நானா, பெட்டி தொறக்கவே மாட்டேங்குதுங்க. கத்தியால வெட்டித்தான் எடுத்தோம்."

"கோப்பை உடைஞ்சுதா?"

"அதெல்லாம் நல்லா இருக்குங்க. அந்தப் பசை எங்க வாங்குனீங்க? எங்க கடைக் கூரை ஒழுகுது. பூசினா அடைக்குமா?"

புஹாரி மகளைப் பார்த்தார். அவள் பதறிப்போய் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"அடைக்கும் சின்னராசா" என்றார் புஹாரி. "மழை பெய்யாம இருந்தா."