தூரம் சொன்ன தடி

அடிமைகளை விடமாட்டோம் என்று வடக்கத்தியான்களோடு சண்டை போட்ட எங்கள் தென்னாட்டுப் பட்டாளத்தில் குறிபார்த்துச் சுடும் பிரிவு என்றால் தனி மவுசு. சட்டைக் கையில் சிவப்புப் பட்டை. இரவுக்காவல் கிடையாது, மண் வெட்டும் வேலை கிடையாது. பீட்டர்ஸ்பர்க் ஊரைச் சுற்றிய பதுங்குகுழிகளில் மற்றவர்கள் முதுகொடிய வெட்டிக்கொண்டிருக்க, நாங்கள் மல்லாந்து கிடந்து மக்காச்சோள ரொட்டியில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தோம். கழுகுக் கண் என்று மேஜர் மெச்சிக்கொள்வார். வெட்கக்கேடு.

அந்தக் கண்ணின் லட்சணத்தைச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை மேஜர் எங்களுக்கும் எங்கள் அதிகாரிக்கும் சோதனை வைப்பார். அந்த அதிகாரி லெப்டினன்ட் ரேனியின் அடிமை ஐசம் வயலில் நடந்துபோய் எங்காவது நிற்பான். அவன் எத்தனை கஜத்தில் நிற்கிறான் என்று பார்வையாலேயே சொல்ல வேண்டும். மூன்று முறை தப்பினால் மண்வெட்டிதான். பருத்தி மிராசுதார் வீட்டுப் பிள்ளையான ரேனிக்குத் தன் மூக்கு நுனி எவ்வளவு தூரம் என்றுகூடத் தெரியாது. அதனால் ஐசமுக்கு ரகசிய உத்தரவு: காலடியை எண்ணிக்கொண்டு போய், நூறு கஜத்துக்கு ஒரு தட்டு, கைத்தடியால் தரையில். கறுப்பன் சும்மா நிற்க மாட்டாமல் தட்டுகிறான் என்று மேஜர் நினைத்துக்கொண்டார். ஒரே மாதத்தில் நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தட்டை எண்ணக் கற்றுக்கொண்டோம். நானும்தான். என் தம்பி ஓபேதையும் அப்படித்தான் இந்தப் பிரிவுக்குள் நுழைத்தேன்.

ஜூலையில் ஒருநாள் ஐசம் ரேனியின் முன்னால் வந்து நின்றான்.

"எஜமான், லிஞ்ச்பர்க்ல என் பொண்டாட்டிய விக்கப்போறாங்களாம். ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன்."

"நீ போயிட்டா என் பூட்ஸ யாருடா தொடைப்பா?" என்றான் ரேனி. "வேற ஒருத்தியப் பிடிச்சுக்க, போ."

நாங்கள் சிரித்தோம். என் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. மறுநாள் காலையில் ஐசமைக் காணவில்லை.

நான்காம் நாள் நடுப்பகலில் வடக்கத்தியான்கள் எதிர்மேட்டுக்கு ஒரு பீரங்கியை இழுத்து வந்தார்கள். அதன் வாய் எங்களுக்கு இடப்பக்கக் குழியை நோக்கித் திரும்பியது. அதில் ஓபேது இருந்தான். எழுந்து ஓடினால் சுட்டுவிடுவார்கள். பீரங்கிக்காரர்களை நாங்கள் முந்திச் சாய்த்தால்தான் அவன் பிழைப்பான்.

"தூரம் சொல்லுங்க சார்," என்றேன்.

ரேனி பழக்கதோஷத்தில் வெறும் வயலைப் பார்த்தான். "நானூறு."

சுட்டோம். பாதி வழியிலேயே புழுதி எழுந்தது. மேட்டில் ஒருவன் தொப்பியைக் கழற்றி எங்களுக்கு வணக்கம் வைத்தான்.

"ஆயிரமா இருக்குமோ?" என்று ரேனி என்னையே கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? நானும் தட்டத்தான எண்ணிக்கிட்டிருந்தேன்."

ஆயிரத்துக்கு வைத்துச் சுட்டோம். குண்டுகள் மேட்டைத் தாண்டி எங்கோ போயின.

அப்போது பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றான். வடக்கத்தியான்களின் நீலச் சட்டை, கையில் தடி. எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு பீரங்கிக்காரர்கள் பார்க்கும்படி தடியை உயரத் தூக்கி, நிதானமாக ஏழு முறை தட்டினான்.

ரேனியின் முகம் மலர்ந்துவிட்டது.

"எழுநூறு," என்றான். "எல்லாரும் எழுநூறுக்கு வைங்கடா. என் கண்ணு என்னைக்காவது தப்பியிருக்கா?"

நாங்கள் துப்பாக்கியில் அளவை மாற்றிக்கொண்டிருந்தபோதே பீரங்கி வெடித்தது. ஒன்றுதான் சுட்டார்கள். இடப்பக்கக் குழிக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஐசம்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று நான் சிரித்தது அவன் காதில் விழுந்திருந்தது.