குனிந்த தலை நிமிராமல்

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். வாயும் கையும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் ரகம். அவருக்குப் போய் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே காற்றுக் குமிழ் வைத்து அனுப்பியிருந்தார்கள். "ஒரு வாரம் தலை குனிஞ்சே இருக்கணும். நிமிர்ந்தா குமிழ் நகர்ந்துடும், பார்வை போயிடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது கண் ஏற்கெனவே கைக்கெட்டும் தூரம்வரைதான் பார்க்கும். இதுவும் போனால் கத்திரியைத் தூக்கிப் பரணில் போடவேண்டியதுதான்.

படுத்தால் குப்புற, உட்கார்ந்தால் தரையைப் பார்த்து. எங்கள் கல்யாணத்தன்று நான்கூட இப்படிக் குனிந்த தலை நிமிராமல் இருந்ததில்லை. அதைச் சொல்லி முதல் இரண்டு நாள் சிரித்தோம். இன்றைக்குச் சிரிப்பு தீர்ந்துவிட்டது.

காலையில் ரேடியோ போட்டேன். "அதை நிறுத்து, என்னைவிட அதிகமா பேசுது" என்றார். எறும்பாவது வரட்டும், இவர் வேடிக்கை பார்க்கட்டும் என்று காலடியில் சர்க்கரையைத் தூவினேன். ஒன்றுகூட வரவில்லை. மற்ற நாளில் டப்பாவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற கழுதைகள்!

தலையை ஆட்டித் தொல்லை கொடுக்கும் வாடிக்கையாளருக்கென்று அவரிடம் ஒரு வித்தை உண்டு. ஒரு கதையை ஆரம்பிப்பார். முக்கியமான இடத்தில் நிறுத்தி, "தலைய ஆட்டாம இருங்க, சொல்றேன்" என்பார். வெட்டி முடிக்கும்வரை கதை முடியாது. அதையே அவரிடம் காட்டலாம் என்று, மாடிவீட்டு மருமகள் பெட்டியோடு கிளம்பிய கதையை எடுத்து, பஸ் வந்து நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

"பஸ்ல ஏறல. மாமியாரே போய் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவ புருஷன் ஷேவிங் பண்ண வந்தப்பவே சொல்லிட்டான்."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனது என் தப்பு.

நடுவில், சலூனுக்கு வாடிக்கையாக வரும் பஸ் கண்டக்டர் இவரைப் பார்க்க வந்தார். எதிரே வந்து நின்ற இரண்டு கால்களைப் பார்த்து, "யாரு?" என்றார் இவர். வருடக்கணக்காகத் தலையைக் கொடுத்த மனிதருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வந்திருப்பது யாரென்று நான் சொன்னதும், "அட, இடப்பக்கம் சுழி, பின்னால வழுக்கை! உங்க காலை நான் எங்க பாத்திருக்கேன்?" என்று சமாளித்தார். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினார் கண்டக்டர். அவர் போனதும் வீடு முன்பைவிட வெறிச்சோடிக் கிடந்தது.

அடுப்படியில் இருந்தபோது கட்டில் முனகியது. ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைகளை ஊன்றிக்கொண்டு தலையை மெல்லத் தூக்கப் பார்க்கிறார். பிடரியில் கை வைத்து அமுக்கினேன்.

"ஒரே ஒரு தடவை சன்னலைப் பாத்துட்டு குனிஞ்சுக்கறேன்."

"எல்லாரையும் தலைய ஆட்டாதேன்னு அதட்டுவீங்களே, ஊருக்குத்தான் உபதேசமா?"

"அவங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுவாங்க. எனக்கு இந்தத் தரையப் பாத்துப் பாத்தே பைத்தியம் புடிச்சுடும் போல இருக்கு."

குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் முந்திக்கொண்டது. "சரி, நிமிருங்க. நாளைக்கு ஒரு குச்சி வாங்கித் தரேன், தட்டிக்கிட்டு நடங்க" என்றேன். சொன்ன வாயைக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

பீன்ஸ் கூடையை எடுத்துவந்து, அவர் காலடியில், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கோபம் பாதி, காவல் பாதி. அசைந்தால் தெரியட்டும் என்று முழங்காலில் சாய்ந்துகொண்டேன். என் தலை அவர் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. நாலைந்து பீன்ஸ் நறுக்கியிருப்பேன். உச்சந்தலையில் ஒரு விரல் பட்டது.

"உனக்கு ரெட்டைச் சுழியா?"

"பொறந்ததுலேருந்து."

"எனக்குத் தெரியாதே!"

சுருக்கென்றது. ஊரில் யார் தலையில் சுழி எந்தப் பக்கம், தழும்பு எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இந்தத் தலையை மட்டும் குனிந்து பார்த்ததில்லை.

"ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணமாம்."

"ஒண்ணுக்கே நான் படற பாடு போதும்."

சிரித்தார். இன்றைக்கு முதல் சிரிப்பு. "சீப்பைக் கொண்டா."

"கத்திரியத் தொட்டீங்க, கைய உடைச்சிடுவேன்."

"சீப்பு மட்டும்தான்டி."

கொண்டையை அவிழ்த்து, சிக்கை நுனியிலிருந்து வலிக்காமல் எடுத்தார். அந்தக் கை இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று ஊரே அறிந்திருந்தது, நான் அறிந்திருக்கவில்லை.

"காதுக்குப் பின்னால எப்ப இவ்ளோ நரைச்சுது?"

"நீங்க கண்டக்டர் அண்ணனுக்கு டை அடிச்சுக்கிட்டு இருந்தப்ப."

சீப்பு நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக நகர்ந்தது.

"ஒருத்தன், கட்டிக்கப் போற பொண்ணை முதல் தடவையா பாத்தான். அவ குனியவே இல்ல. நேரா அவனை முறைச்சா. அவனுக்கு அப்ப..." என்று நிறுத்தினார்.

"அவனுக்கு அப்ப?"

"ஆட்டாம இரு, சொல்றேன்."

மடியில் பீன்ஸ் அப்படியே கிடந்தது. சன்னலில் வெயில் ஏறி, இறங்கியும் விட்டது. அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், தோள் குலுங்கியது.

"தலைய ஆட்டாதேன்னு சொன்னேன்ல?"

"ஆட்டல" என்றேன். "நீங்க நிமிராதீங்க."