தண்ணீர் போகும் வாட்டம்

பக்கத்து வீட்டில் அத்தான் குளியலறைத் தரையை உடைக்கத் தொடங்கியபோது, அவள் தன் குழந்தைகள் காப்பகத்தின் முற்றத்தில், செயற்கைப் புல்லின் மேல் மண்டியிட்டு ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கடப்பாரை ‘டங்’ என்று விழும்போதெல்லாம் ஷூ நாடாவின் முடிச்சு அவள் கையிலிருந்து நழுவியது. குழந்தைகளுக்கோ கொண்டாட்டம். ஒவ்வோர் அடிக்கும் காப்பகம் மொத்தமும் சேர்ந்து “டங்!” என்று கத்தியது.

அக்கா வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி மூன்று வாரமாகிறது. குளியலறையில் குழாய் எங்கோ கசிகிறது என்பது அக்காவின் தீர்ப்பு. அந்தக் குழாயைப் போட்டவர் அத்தான். பஸ் ஓட்டுவதுதான் அவர் தொழில் என்றாலும், லீவு நாளில் கொத்தனார் கரண்டியும் கையுமாக இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கசிவது எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அவள் முற்றம் சுத்தக் களிமண். மழை பெய்தால் குழந்தைகள் வழுக்கி விழுவார்கள். சாயங்காலம் பெற்றவர்கள் சேற்றுப் பொம்மைகளை வாங்கிப் போவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கிப் போவார்கள். அதனால்தான் செயற்கைப் புல் போட முடிவு செய்தாள். ஆனால் களிமண் மேல் புல்லை அப்படியே விரித்துவிட முடியாது. களிமண்ணின் துகள்கள் தட்டையானவை. நனைந்ததும், கழுவி அடுக்கிய தட்டுகள்போல ஒன்றின் மேல் ஒன்று படிந்துகொள்ளும். மணலில் இண்டு இடுக்கு வழியாக இறங்கிவிடும் தண்ணீர் இங்கே நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே விரிப்பைப் போட்டு மூடினால் அடியில் ஊறி நாறத்தான் செய்யும்.

இதையெல்லாம் அவள் தேடித் தேடிப் படித்தாள். மேல்மண்ணை வழித்தெடுத்து, தண்ணீர் ஓடும்படி தரைக்குச் சரிவாக வாட்டம் கொடுத்து, தாழ்ந்த பக்கத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டச் சொன்னாள். பள்ளத்துக்குள் வடிகட்டித் துணி, துணிக்குள் ஜல்லி, ஜல்லிக்குள் துளைபோட்ட குழாய். வேலைக்கு வந்தவர் குழாயைத் துளை மேலே பார்க்க வைத்தார்.

“கீழ பார்த்து வைங்கண்ணே.”

“ஓட்டை மேல இருந்தாத்தானேம்மா தண்ணி உள்ள விழும்?”

“டம்ளர்ல தண்ணி ஊத்தினா அடியிலேர்ந்துதானே நிரம்புது? பள்ளமும் அப்படித்தான். தண்ணி கீழேர்ந்து ஏறி வரும். ஓட்டை கீழ இருந்தா ஏற ஏறக் குழாய்க்குள்ள போயிடும். மேல இருந்தா, குழாய் முழுசா முங்கின பிறகுதான் போகவே ஆரம்பிக்கும்.”

அவர் குழாயைத் திருப்பி வைத்தார். அவளுக்கு அன்றைக்குச் சாப்பிடாமலே பசி ஆறிவிட்டது.

குழாய்க்குள் வந்த தண்ணீர் எங்கே போவது என்பதில்தான் வந்தது வினை. தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சிமெண்ட் தளம் கிடந்தது. அத்தான் ஒவ்வொரு லீவு நாளையும் தின்று, கண்ணாடி மாதிரி இழைத்துப் போட்ட தளம். அதில் சைக்கிள் ஸ்டாண்டைக் கூட அட்டை வைத்துத்தான் நிறுத்தவேண்டும். அதை வெட்டட்டுமா என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. லீவு முடிந்து காப்பகம் மறுபடி திறக்கும் நாளோ நெருங்கிவிட்டது. காம்பவுண்டுச் சுவரோரமாக ஒரு குழி வெட்டி, ஜல்லியைக் கொட்டி, குழாயை அதில் முடித்து, மேலே மூடியும் போட்டாள். உறிஞ்சு குழி என்று பெயர்.

களிமண் உறிஞ்சாது. இதை அவள் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. வேலை தொடங்குமுன் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தாள். மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் அவள் முகமே தெரிந்தது.

நிரம்பிய குழியின் தண்ணீருக்கு ஒரே வழிதான். இறுகிய மண்ணை விட்டுவிட்டு, அஸ்திவாரத்தை ஒட்டிப் பிறகு நிரப்பிய பொலபொலப்பான மண்ணைத் தேடிப் போகும். அந்த வழி சுவருக்கு அடியில், தாழ்வாக இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறது.

கடைசிக் குழந்தையும் போனபின் அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். “ஏய், இங்க வந்து பாரு இந்த மனுஷன் பண்ணி வச்சிருக்க கூத்த.”

குளியலறை கோழி கிண்டிப்போட்ட குப்பையாகக் கிடந்தது. குழாய்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஒன்றிலும் சொட்டு ஈரம் இல்லை. அக்கா டீயை நீட்டியபடியே கணவரைக் கரித்துக் கொட்டினாள். “பஸ்ஸ ஓட்டச் சொன்னா வீட்ட ஓட்டையாக்கறாரு.”

அத்தான் சிமெண்ட் தூசு படிந்த முகத்தோடு நிமிர்ந்தார். “என்ன டீச்சரம்மா, முகம் ஏன் இப்படி வாட்டமா இருக்கு? வாட்டம் தரைக்குக் குடுத்தாப் போதும், மூஞ்சிக்கு எதுக்கு?”

அவள் சிரித்துவைத்தாள். டீயைக் குடித்தாள். உண்மையைச் சொல்ல வாய் வராமல், உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைச் சொன்னாள். “எல்லாக் குழாயையும் மூடிட்டு மீட்டரப் பாருங்க அத்தான். கசிஞ்சா முள்ளு நகரும்.”

மூவரும் மீட்டரைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். முள் அசையவில்லை.

“மீட்டரும் இவர் மாதிரிதான் போல, வேலையே செய்யல,” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு அடுப்படியையும் ஒடைச்சிர வேண்டியதுதான்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அவ சொல்றதுல தப்பில்லம்மா. எங்கயோ ஜாயிண்ட்ல சொதப்பியிருக்கேன். நமக்கு எல்லாம் தெரியும்னு ஒரு திமிரு. இனிமே கரண்டியத் தொடறதா இல்ல. ஆள வச்சே பாத்துக்கறேன்.”

கடப்பாரை அடியெல்லாம் தாங்கிய அவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

“அத்தான், கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் வாங்க.”

புல்லின் ஓரத்தை உரித்து, குழியின் மூடியைத் தூக்கினாள். விளிம்புவரை தண்ணீர் நின்றது. அத்தான் எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“மழை விட்டு நாலு நாளாச்சே.”

“தெரியும் அத்தான். இது இறங்காதுன்னு வெட்டும்போதே தெரியும். சாக்கடைக்குக் கொண்டுபோகணும்னா உங்க தளத்த வெட்டணும். கேக்கப் பயந்துக்கிட்டு...”

அவள் கையில் பிடித்திருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை எப்போது முளைத்தது என்று தெரியவில்லை. “மூணு வாரமாடி! இந்த மனுஷன நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். பக்கத்துல நின்னு டீ குடிச்சியே!” என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

அத்தான் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை இருந்தது. தளத்தின் நடுவில் நின்று, “எங்க வெட்டணும், கோடு போடு,” என்றார். அவள் சாக்கட்டியால் கோடு போட்டாள். அவசரத்தில் கோடு வளைந்தது. அவர் அந்த வளைவு மாறாமல் வெட்டினார்.

குழாயை வாட்டமாகக் கிடத்தியதும் குழித் தண்ணீர் கலகலவென்று சாக்கடைக்கு ஓடியது. வேறு சமயமாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு அவள் கைதட்டியிருப்பாள். அத்தான் கலவையைக் குழைத்து, கரண்டியை அவளிடம் கொடுத்தார்.

“நீயே பூசு.”

பூசினாள். மேடும் பள்ளமுமாக வந்தது. “நீங்க ஒருதடவ இழைச்சு விட்டுடுங்க அத்தான்.”

“இருக்கட்டும்.”

அக்கா வீட்டுச் சுவர் இன்னும் காயவில்லை. களிமண் தண்ணீரை வாங்கவும் யோசிக்கும், விடவும் யோசிக்கும். அத்தான் குளியலறைத் தரையைத் தன் கையாலேயே திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் அவர் வண்டி உள்ளே வரும்போது சக்கரம் தளத்தில் அவள் பூசிய பூச்சின் மேல் ஏறி ‘தடக்’ என்று இறங்குகிறது. புல்லில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் உடனே “தடக்!” என்று கத்துகிறார்கள். அவள் ஷூ மாட்டும் கை ஒரு நொடி நிற்கிறது.