முப்பது வரை

ஒரு கன்னத்தை மழித்தாயிற்று; மறு கன்னத்தில் நுரை இருக்கும்போதே, படுக்கையில் கிடந்த அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது. சவரக்கத்தியைப் பிடித்தபடி மகள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஓடிப்போய் பக்கத்துத் தெரு டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார்.

“முடிஞ்சிருச்சும்மா.”

அண்ணன் போர்வையை முகத்தின் மேல் இழுக்கப் போனான்.

“அண்ணா, இரு. முப்பது எண்ணிக்கலாம்.”

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணன் கையை எடுத்துக்கொண்டான்.

அப்பா துப்பாக்கி பழுதுபார்ப்பவர். முன்னறைதான் பட்டறை. விசையை இழுத்து, ஊசி தோட்டாவின் அடியைத் தட்டியும் வெடிக்காவிட்டால், குழாயை மணல் மூட்டையிலிருந்து திருப்பாமல் முப்பது எண்ண வேண்டும். அது அவர் சட்டம்.

“வெடிக்கலன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, யோசிக்குதுன்னு அர்த்தம். சிக்கிமுக்கிக் கல்லுல பத்தவச்ச காலத்துலேருந்து இதே கதைதான். பொறிக்கும் வெடிக்கும் நடுவுல கையை விட்டவன் விரலை எண்ணிப் பாத்தா அஞ்சு இருக்காது.”

இருபது வயதில் அண்ணன் சோதித்த பழைய தோட்டா ஒன்று, ‘டிக்’ என்றதோடு நின்றது. அவன் துப்பாக்கியை மடக்கித் திறக்கப் போனான். அப்பா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து எண்ணினார். நாலில் வெடித்தது. மூட்டையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருக்க, மீதி இருபத்தாறையும் எண்ணி முடித்த பிறகே கையை விட்டார்.

அதன்பின் வீட்டில் எதற்கும் முப்பதுதான். “குழம்புல உப்பு இல்லன்னு சொல்லக்கூட எண்ணுவாரு. அதுக்குள்ள சோறே தீந்துரும்” என்பான் அண்ணன்.

பதினொன்று. பன்னிரண்டு.

ஏழு வருடம் முன்பு, அவள் புருஷன் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு வந்து பட்டறையில் நின்றாள். “நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்” என்று அண்ணன் குதித்தான். அப்பா அரத்தைக் கீழே வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து பெட்டியைத் தூக்கினார்.

“உன் ரூம்ல துப்பாக்கிக் கட்டையா போட்டு வச்சிருக்கேன்மா. ஒரு மணி நேரம் குடு, காலி பண்ணித் தர்றேன்.”

அன்றும் சரி, பிறகும் சரி, ஏன் வந்தாய் என்று அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. இன்று சவரம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தாள்.

இருபத்தொன்பது. முப்பது.

டாக்டர் பையை மூடினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனின் பத்து விரல்களும் அப்பாவின் பாதத்தைப் பிடித்திருந்தன. அவன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் அவசரப்படுத்தவில்லை. சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசி, காய்ந்துவரும் நுரையை விரலால் நனைத்து, மறு கன்னத்தை மழிக்கத் தொடங்கினாள்.